நோய்ச்சோர்வு என்றால் என்ன? ஓய்வெடுத்தும் தீராத சோர்வும், சக்தியை அளந்து செலவழிக்கும் முறையும்

"நல்லாத் தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்." "கொஞ்சம் நடந்து பாரு, தெம்பு தானா வரும்."

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கிறார்கள். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் அறிவுரை நோய்ச்சோர்வில் பெரும்பாலும் பலிப்பதில்லை. இரண்டாவது அறிவுரை சில நோய்களில் நல்ல மருந்து. வேறு சில நோய்களில் ஆளை வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடும். எந்த நோய்க்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் சொல்லிவிடுகிறோம். நேற்று அதிகம் உழைத்ததால் வந்த அலுப்பையும் நோயால் வந்த சோர்வையும் "அசதி" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடுவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

## களைப்பு ஒன்று, சோர்வு இன்னொன்று

நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கு வருவது களைப்பு. ஏன் வந்தது என்று தெரியும். செய்த வேலைக்கு ஏற்ற அளவில் இருக்கும். ஒரு இரவு தூங்கினால் போய்விடும். உடம்பு விடுக்கும் ஆரோக்கியமான எச்சரிக்கை அது.

நோய்ச்சோர்வில் இந்த மூன்றுமே மாறிவிடுகின்றன. காரணம் கண்ணுக்குத் தெரியாது. செய்த வேலைக்கும் வந்த சோர்வுக்கும் பொருத்தம் இருக்காது: பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் சாய வேண்டியிருக்கும். பத்து மணி நேரம் தூங்கினாலும் தூங்கவே இல்லாதது போல எழுந்திருப்பார்கள். கூடவே எழுதியதைப் படித்தும் மனதில் ஏறாத மந்தம், வார்த்தை நாக்கில் வராத தவிப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலை என்று வேறு சிலவும் வரும். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), லூபஸ் (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்), மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்), சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, புற்றுநோய், லாங் கோவிட் (கோவிட் தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் உபாதை) என்று தொடர்பே இல்லாத பல நோய்களில் நோயாளிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இதை விவரிக்கிறார்கள்.

சுருக்கமாக: வேலைக்கு ஏற்ற அளவில் வந்து தூக்கத்தில் தீர்வது களைப்பு. வேலைக்குப் பொருந்தாமல் வந்து தூக்கத்திலும் தீராதது நோய்ச்சோர்வு.

## ஊற்றுக் கிணறு

ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் இறைக்கிறோம், இரவில் ஊற்று சுரந்து நிரப்புகிறது. ஆரோக்கியமான உடம்பில் ஊற்று வலுவாக இருக்கும். ஒருநாள் கூடுதலாக இறைத்தாலும் காலையில் நீர் பழைய மட்டத்துக்கு வந்துவிடும்.

நோயுற்ற உடம்பில் ஊற்றின் சுரப்பு குறைந்துவிட்டது. காலையில் கிணறு கால்வாசிதான் நிறைந்திருக்கும். இரண்டு குடம் குறைத்து எடுத்தால் சமாளிக்கலாம். அவசரத்துக்கு அடிவரை இறைத்துவிட்டால் வாளியில் சேறு வரும். அதற்குப் பிறகு நீர் சுரந்தாலும் கலங்கல் தெளியும் வரை பயன்படாது. தெளிய இரண்டு நாள் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

இந்த உவமையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அடி தெரியும் வரை இறைக்கக்கூடாது என்பது. மன உறுதியால் ஊற்று வேகமாகச் சுரக்காது. அது அடிவரை இறைக்கும் தைரியத்தைத்தான் தரும். "மனசு வெச்சா முடியும்" என்று சொல்லிச் செய்ய வைக்கும்போது அன்றைக்கு வேலை நடந்துவிடும். அதனாலேயே அந்த வார்த்தை உண்மை போலத் தெரிகிறது.

## உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உடம்பின் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் சில்லறைக் காசுக்கு ஏடிபி என்று பெயர். தசை சுருங்கவும், நரம்பு செய்தி அனுப்பவும், யோசிக்கவும் இது வேண்டும். இதைச் சேமித்து வைக்க உடம்பால் முடியாது. நொடிக்கு நொடி புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் உடம்பு செய்து செலவழிக்கும் ஏடிபியின் மொத்த எடை ஏறக்குறைய அந்த ஆளின் எடை அளவுக்கே வரும் என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் பெரும்பகுதி தயாராகும் இடம், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உலை. ஆக்சிஜன் போதுமான அளவு கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஆக்சிஜன் போதாதபோது உடம்பு குறுக்குவழியில் போகும்; அப்போது அதே குளுக்கோஸிலிருந்து 2 மட்டும்தான். நல்ல உடல்நிலையில் இருப்பவர் ஓடும்போதுதான் குறுக்குவழியை அதிகம் நாடுவார். ஊற்று குறைந்த உடம்பு மாடிப்படியில் பாதி ஏறும்போதே அங்கே போய்விடக்கூடும்.

ஊற்று ஏன் குறைகிறது என்பது நோய்க்கு நோய் வேறுபடும். ரத்தசோகையில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவு. இதயச் செயலிழப்பில் ரத்தத்தைத் தள்ளும் விசை குறைவு. முடக்குவாதத்திலும் லூபஸிலும் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் சைட்டோகைன்களைச் சுரக்கிறது. இவை செல்களுக்கு இடையே செய்தி கொண்டு போகும் புரதங்கள். மூளைக்குப் போய் "படு, அசையாதே" என்று கட்டளை இடும். கடும் காய்ச்சலில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதே செய்திதான், முடிவில்லாமல்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்பின் மேலுறை சிதைந்திருப்பதால் ஒரே செய்தியை அனுப்பக் கூடுதல் சக்தி செலவாகிறது. இந்த நோயாளிகளுக்கு உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே பார்வை மங்கலாம், கால் தளரலாம். உடல் உழைப்புக்குப் பின் இவர்களுக்குப் பார்வை மங்குவதை 1890-லேயே ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவுசெய்தார். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்பட்ட நோய் இருக்கிறது என்பதற்காக எல்லாச் சோர்வையும் அதன் கணக்கில் எழுதிவிடக்கூடாது. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகளின் பக்கவிளைவு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை, மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று சரியானாலே கிணற்றில் இரண்டு குடம் கூடும்.

## பிந்தி வரும் தண்டனை

கிணற்று உவமை ஓரிடத்தில் போதாமல் போகிறது. அடிவரை இறைத்தால் சேறு உடனே தெரியும். சில நோய்களில் சேறு மறுநாள்தான் தெரிகிறது.

எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயிலும், லாங் கோவிட் உள்ளவர்களில் பலரிடமும், எல்லையைத் தாண்டி உழைத்தால் நிலைமை பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து மோசமாகிறது. இதற்கு உழைப்புக்குப் பிந்திய சரிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம், மருத்துவர்கள் பி.இ.எம். என்பார்கள். தசைவலி, தொண்டைவலி, ஃப்ளூ வந்தது போன்ற உடல்நோவு, மூளை மந்தம், தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து வரும். நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

இந்தத் தாமதம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்து சிரித்துப் பேசியவரைச் செவ்வாய்க்கிழமை யாரும் பார்ப்பதில்லை. "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்பவர் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்தவர். நோயாளியே ஏமாறுவார்: செய்யும்போது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்தோம் என்று தேடுவார். காரணம் இரண்டு நாள் முன்னால் இருக்கும்.

இது கற்பனை இல்லை என்பதற்கு அளந்த சான்றுகள் உண்டு. சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளக்கும் சோதனையை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்தால், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்கூட இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டுவார். எம்.இ./சி.எஃப்.எஸ். நோயாளிகளிடம் இரண்டாம் நாள் அளவு இறங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2024-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் லாங் கோவிட் நோயாளிகள் 25 பேரின் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கைச் சைக்கிள் மிதிக்கும் முன்னும் மறுநாளும் எடுத்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு குறைந்திருந்தது, தசையிலேயே சேதம் கூடியிருந்தது.

சுருக்கமாக: உழைத்த அன்று எப்படி இருந்தது என்பதை வைத்து எடைபோட முடியாது. அடுத்த இரண்டு நாள்களைப் பார்க்க வேண்டும்.

## அப்படியானால் நடப்பது நல்லதா, கெட்டதா?

பிந்திய சரிவு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

சரிவு இல்லாதவர்களுக்கு, அதாவது முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், புற்றுநோய், இதயநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, மருத்துவர் சொன்ன அளவில் மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சி சோர்வைக் குறைக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் களைத்தாலும் போகப்போகத் தெம்பு கூடும். பயந்து படுத்தே இருந்தால் தசை கரைந்து நிலைமை மோசமாகும்.

சரிவு உள்ளவர்களுக்கு இதே முறை தீங்கு செய்யலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், 2007-ல் எம்.இ./சி.எஃப்.எஸ். நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்திருந்தது. 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டுதலில் அதை நீக்கிவிட்டது. சக்தி எல்லைக்குள் வாழக் கற்றுக்கொள்வதை முன்னிறுத்தியது. பதினான்கு ஆண்டுகள் நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தது இது.

## பேசிங்: எல்லைக்குள் வாழ்வது

உடம்பு கெஞ்சும் முன்பே நிறுத்தும்படி நாளைத் திட்டமிடும் முறைக்குப் பேசிங் என்று பெயர். சோம்பல் என்று பார்ப்பவருக்குத் தோன்றலாம். உண்மையில் இதற்கு உழைப்பதைவிடக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள். ஒரு நாளுக்கு நாலு வரி போதும்: எத்தனை மணி நேரம் நிமிர்ந்திருந்தேன் (நின்றதும் உட்கார்ந்ததும் சேர்த்து), என்ன பெரிய வேலை செய்தேன், தூக்கம் எப்படி, உடம்பு பத்துக்கு எத்தனை. நீளமாக எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே நின்றுவிடும். வேலை என்றால் உடல் வேலை மட்டும் இல்லை. படிவம் நிரப்புவது, கணக்குப் பார்ப்பது, சண்டை, அழுகை, கூட்டத்தில் இருப்பது, நீண்ட தொலைபேசிப் பேச்சு எல்லாமே அதே கிணற்றில்தான் இறைக்கின்றன. முதலில் எல்லாரும் தவறவிடுவது இந்தச் செலவுகளைத்தான்.

இரண்டு வாரம் முடிந்ததும், ஒவ்வொரு மோசமான நாளிலிருந்தும் இரண்டு நாள் பின்னோக்கிப் பாருங்கள். எந்த அளவு வரை சரிவு வரவில்லை என்று தெரியும். அந்த அளவில் கால் பங்கைக் கழித்துவிட்டு மீதியை அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 20 நிமிடம் உட்கார்ந்து எழுத முடிகிறது என்றால் 15 நிமிடத்தில் நிறுத்த வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நன்றாக இருக்கும்போது நேரம் தெரியாது. நிறுத்தியபின் அதே அளவு நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு படுப்பது ஓய்வில் சேராது.

நாடித்துடிப்பையும் அளவுகோலாகப் பயன்படுத்தலாம். ஏழு நாள், காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமலே துடிப்பை எண்ணிச் சராசரி எடுங்கள். அதோடு 15 கூட்டினால் வருவதை ஆரம்ப எல்லையாக வைக்கச் சில சிகிச்சையாளர்கள் சொல்கிறார்கள். சராசரி 70 என்றால் 85. துடிப்பு அதைத் தாண்டினால் உட்கார வேண்டும், இறங்கவில்லை என்றால் படுக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கே சறுக்குகிறது? நல்ல நாளில்தான். தெம்பாக எழுந்ததும் தேங்கிய வேலையெல்லாம் கண்ணில் படும். முடிந்த மட்டும் செய்துவிடுவார்கள். இரண்டு நாளில் சரிவு. மறுபடி வேலை தேங்கும். இந்தச் சுழலை உடைக்கும் ஒரே வழி, நல்ல நாளிலும் அடிப்படை அளவோடு நிறுத்துவது. இரண்டு மூன்று வாரம் சரிவே இல்லாமல் போனால் ஒரே ஒரு வேலையை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் பார்க்கலாம். கூட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

## ஒரு குளியலைப் பிரித்துப் பார்த்தால்

தலைக்குக் குளிப்பது ஏன் ஒரு நாளையே தின்றுவிடுகிறது என்று புரிந்துகொண்டால் மற்ற வேலைகளையும் இப்படிப் பிரிக்க வரும்.

நிற்கிறோம். நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்குகிறது. இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, ரத்தஅழுத்தம் இன்னும் இறங்குகிறது. கைகளைத் தோளுக்கு மேலே தூக்கி ஐந்து நிமிடம் தேய்க்கிறோம். குனிந்து நிமிர்கிறோம். பிறகு துவட்டுவது, உடுத்துவது, ஈரத் தலையை உலர்த்துவது, எல்லாம் நின்றுகொண்டே.

மாற்றுவது எளிது. வழுக்காத ரப்பர்க் கால் உள்ள முக்காலியில் உட்கார்ந்து குளிக்கலாம். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். பொருள்கள் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அப்படியே பதினைந்து நிமிடம் படுத்தால் ஈரத்தை அதுவே இழுத்துவிடும். தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

நின்றாலே தலைசுற்றலும் படபடப்பும் வருகிறவர்கள் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள், ரத்தஅழுத்தம் இறங்காமலே நாடித்துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி (12 முதல் 19 வயதினருக்கு 40) அப்படியே நின்றால், அது பாட்ஸ் என்ற தனிக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

## கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பது நல்ல மனதில் வரும் வார்த்தை. ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கலாமா என்று தயங்கி, கேட்பதற்கே அவருக்குச் சக்தி செலவாகும். "வியாழக்கிழமை உன் மருந்தை வாங்கிட்டு வந்து வாசலில் வெச்சிட்டுப் போறேன், சரியா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். அழைப்பதற்குப் பதில் செய்தி அனுப்புங்கள். பதில் எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதுங்கள். பார்க்கப் போனால் இருபது நிமிடத்தில் நீங்களாகவே எழுந்துவிடுங்கள். "போய் வாங்க" என்று அவர் வாயால் சொல்லமாட்டார்.

சக்கர நாற்காலியில் வந்தவர் எழுந்து நாலடி நடப்பதைப் பார்த்தால் நடிக்கிறார் என்று நினைக்கக்கூடாது. நடக்க முடிவது வேறு, நடந்தபின் மீதி நாளுக்குச் சக்தி இருப்பது வேறு. அந்த நாற்காலி அவருக்கு வெளியுலகத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. கேட்காமல் அதைத் தள்ளாதீர்கள். கைத்தடியை "ஓரமா வைக்கிறேன்" என்று எட்டாத இடத்தில் வைக்காதீர்கள். உதவியாளருக்கும் ஒரு கிணறுதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு அரைநாளாவது வேறொருவர் பொறுப்பேற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். முடியாமல் போன பிறகு ஆள் தேடினால் இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

## சரிவு வந்துவிட்ட நாளில்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரிவு வரும். அதற்கான பெட்டியை நல்ல நாளிலேயே கட்டி வையுங்கள்: படுத்தபடி குடிக்க உறிஞ்சுகுழலோடு தண்ணீர்ப் புட்டி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய ஏதாவது, மூன்று நாள் மருந்து, கண்ணை மூடும் துணி, காது அடைப்பான், நீளக் கம்பியுள்ள சார்ஜர். "இன்று பேச முடியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரு செய்தியைப் போனில் முன்னரே எழுதி வைத்திருந்தால் அனுப்பினால் போதும்.

அறையை இருட்டாக்கி, அன்றைய வேலையை முழுதாக நிறுத்த வேண்டும். கூட இருப்பவர் கேள்வி கேட்பதைக் குறைத்து, தண்ணீரும் மருந்தும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். நெஞ்சுவலி, மயங்கி விழுதல், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றை "வழக்கமான சரிவுதான்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை அவை.

தெளிந்து எழுந்த முதல் நாள், பழைய அடிப்படை அளவில் பாதியோடு தொடங்குங்கள். குறிப்பேட்டில் இரண்டு நாள் பின்னோக்கிப் போய், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வேலையை அடுத்த முறை எங்கே இரண்டாக உடைக்கலாம் என்பதற்கு இன்னொரு வரி.